சண்டை சொல்கிற தங்கபாய்

பேண்டேஜ் சுற்றுகிற மரக்கட்டையின் நுனியால் மேசை விளிம்பில் ஒரு தட்டு. பிறகு ஒன்றுமில்லை. எல்லாரும் அதை மறக்கப்போகிற சமயம் பார்த்து இன்னொரு தட்டு.

"வாரான்," என்கிறாள் தங்கபாய்.

வருகிறவன் யார் என்று சொல்வதில்லை. எஸ்டேட் குடோன், சிமெண்டுத் தரை, மூட்டைகளுக்குப் பின்னால் கைகட்டிப் போடப்பட்ட கதாநாயகன், வெளியிலிருந்து நடந்து வருகிற ஒரு ஜோடி பூட்ஸ். இதுவரை தெரிந்தது அவ்வளவுதான். தட்டுவது தங்கபாயின் வலது கை என்பதை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற அத்தனை பெண்களும் தலையை நிமிர்த்தினால் பார்த்துவிடலாம். ஒருத்தியும் நிமிர்வதில்லை. குனிந்த தலையோடு கை மிஷினின் பிடியைச் சுற்றிக்கொண்டு, காதை மட்டும் அவளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

இன்னொரு தட்டு. முன்னதைவிட மெதுவாக.

"யக்கா, ஆருக்கா அது? வில்லனா, போலீசா?" பொறுக்கமாட்டாமல் கேட்டுவிடுகிறாள் செல்லக்கனி.

"எனக்கென்னட்டி தெரியும்? அவன் மூஞ்சியவா காட்டுனான்? பூட்ஸத்தான காட்டுனான். நீ பிடியச் சுத்து."

ஆனால் பிடிகள் சுற்றுவது குறைந்துகொண்டேதான் வருகிறது. முதலில் கோடியிலுள்ள மிஷின் நிற்கும். அப்புறம் அதற்குப் பக்கத்து மிஷின். வாய் ஓயாத செல்லக்கனியின் மிஷின்தான் கடைசி. அதுவும் நின்று, யாரோ ஒருத்தி எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்கிற வரைக்கும் தங்கபாய் கட்டையை ஓங்கியபடி காத்திருப்பாள். கேட்ட மறுகணம் இடது கை முஷ்டி காலி அட்டைப்பெட்டியின் மேல் இறங்கும். பொத்! பெண்கள் அத்தனை பேருக்கும் ஒருசேரத் தூக்கிவாரிப் போடும்.

ராஜபாளையத்தை ஒட்டி, விசைத்தறிகளுக்குப் பின்கட்டில் இருக்கிறது அந்தக் கொட்டடி. வெளுத்து வந்த வலைத்துணியை மிஷினில் கொடுத்துச் சுருளாகச் சுற்றி, நுனியை வெட்டி, தாள் ஒட்டி அடுக்க வேண்டும். ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளில் எவனெவனுக்கோ மண்டை உடைந்தால் கட்டுகிற கட்டெல்லாம் இங்கிருந்துதான் போகிறது. "அங்க ஒடைக்கான், இங்க சுத்துதோம்" என்பாள் தங்கபாய். முற்றத்துக்கு அந்தப்புறம் தறிகள் ஓடுகிற சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைவலி வரும். பிறகு அந்தச் சத்தம் நின்றால்தான் தலைவலி வரும்.

தங்கபாய் மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். நாற்பதைத் தாண்டிய உடம்பு, எண்ணெய் வழிய வாரிக் கட்டிய சின்னக் கொண்டை, ஒரு கறுப்புக் கயிறுகூட இல்லாத கிறிஸ்தவக் கழுத்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை. அது முடிந்ததும் வேதப்புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி மேட்னி. இதில் மாதத்துக்கு ஒரு தடவையாவது போதகரின் மனைவி ஜெயபாயிடம் மாட்டிக்கொள்வாள்.

"காலையில கோயிலு, மத்தியானம் கொட்டகையா தங்கபாய்?"

"ரெண்டு எடத்துலயும் கண்ண மூடிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

அது பொய்யில்லை. பாட்டுக்கும் அழுகைக்கும் கண்ணைத் திறந்து வைத்திருப்பவள், சண்டை வந்ததும் மூடிக்கொள்வாள். பக்கத்து பெஞ்சுக்காரிகள் பயந்த பொம்பிளை என்று நினைத்துக்கொள்வார்கள். "கண்ணுக்கு எல்லாச் சண்டையும் ஒண்ணுதாம்ட்டி. ஒருத்தன் கைய வீசுதான், ஒருத்தன் மல்லாக்க விழுதான். காதுக்குத்தான் ஒவ்வொண்ணும் வேற" என்பது அவள் கட்சி.

அவளுக்குச் சினிமாக்காரர்கள்மேல் கோபமும் உண்டு. முதல் கோபம் டிஷ்யூம் மேல். "டிஷ்யூம்னு எந்த அடி விழுந்திருக்கு? மூங்கிலாலயா அடிக்கான்? மனுசன மனுசன் அடிச்சா பொத்துன்னுதான் கேக்கும். ஈரத்துணிய கல்லுல போட்ட மாதிரி. அதுவும் பலமா கேக்காது. பலமா கேட்டா அடி சரியா விழலன்னு அர்த்தம்." இரண்டாவது கோபம், ஓயாமல் மேளம் கொட்டுகிற படங்கள்மேல். "வாசிக்கிற வரைக்கும் ஒரு பயமும் கெடையாது. வாசிக்கவன் எப்ப நிறுத்துதான்னு பாக்கணும். நிறுத்துனாம்னா ஒருத்தனுக்கு விழப்போகுது. நல்ல படத்துல அந்த எடத்துல ஒரு கொழாய் சொட்டும், இல்ல ஒரு காத்தாடி கிறீச்சுங்கும். அவ்வளவுதான். கொட்டகையில ஒருத்தன் பீடியப் பத்தவைக்க தீக்குச்சிய உரசிட்டு, பத்தவைக்க மறந்து வெரலச் சுட்டுக்கிடணும். அது சண்ட."

அடுத்தடுத்து அடி விழுவதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "அது மாவிடிக்கது. மொத அடி விழுந்த பொறவு ரெண்டாவது எப்ப வரும்னு ஏங்க விடணும்லா." ஆகவே படத்தில் வெற்றிலை மெல்லுகிற நேரத்துக்குள் முடிந்துபோன சண்டை, இங்கே சாப்பாட்டுக்குப் பின் தொடங்கி டீ வருகிற வரைக்கும் ஓடும். வலைத்துணியைக் காதோரம் கிழித்தால் சட்டை கிழிகிறது. கத்தரியை மெல்லத் திறந்தால் கத்தி உறையைவிட்டு வருகிறது. குண்டூசி டப்பாவைக் குலுக்கினால் சங்கிலி. அடிக்கு அட்டைப்பெட்டி. இவ்வளவுதான் அவளுடைய வாத்தியங்கள்.

கை இரண்டும் இப்படி வேறு காரியத்தில் இருந்தால் சுருள் எப்படி ஏறும்? அதற்குப் பெண்களே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். சண்டை ஓடுகையில் ஆளுக்கொரு சுருளைத் தங்கள் குவியலிலிருந்து எடுத்து அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். யாரும் சொல்லி வந்ததில்லை; ஆனால் போடாதவள் மறுநாள் கதைக்கு நடுவில் கேள்வி கேட்க முடியாது. செல்லக்கனி மட்டும் கோணலாகச் சுற்றின சுருளாகப் பார்த்துப் போடுவாள்.

பெண்களுக்கு ரொம்பப் பிடித்தது சந்தைச் சண்டை. கதாநாயகன் தனியாளாக நின்று கூட்டத்தோடு மோதுகிற இடம் வந்தால், தங்கபாய் இரண்டு கைகளையும் தூக்கி, "சந்தை!" என்பாள். அத்தனை பேரும் கையில் கிடைத்ததை எடுத்து மேசையில் அடிக்க வேண்டும். கட்டை, கத்தரி, டப்பா, டிபன் மூடி. அவள் கையை இறக்குகிற வரை நிறுத்தக்கூடாது. முதல் தடவை இந்த ரகளை நடந்தபோது கூரை இறங்கிவிட்டதென்று நினைத்து சூப்பர்வைசர் வைகுண்டராஜ் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வேல நடக்கா, கொட்டகை நடக்கா?"

"ரெண்டுந்தான் அண்ணாச்சி. நீங்க நின்னுக்கிட்டே பாக்கலாம், டிக்கெட் கெடையாது."

அன்று முதல் அவர் கண்டிப்பதுபோல் வந்து, கதவோரம் டீ கிளாஸோடு நின்று, யார் ஜெயித்தது என்று தெரிந்துகொண்டுதான் போகிறார்.

சந்தைக்கு இருக்கிற சுதந்திரம் அமைதிக்குக் கிடையாது. அடிக்கு முந்தின அந்த நிறுத்தத்தில் வளையல் அசைந்தால்கூடத் தங்கபாய்க்குப் பிடிக்காது. ஒருமுறை செல்லக்கனி அங்கே தும்மிவிட்டாள். மரக்கட்டை பறந்து போய் அவள் முதுகில் விழுந்தது. "துணித்தூசிக்கா, நான் என்ன செய்ய?" என்றவளிடம், "வில்லனுக்குத் தெரியுமாட்டி துணித்தூசி? நீ தும்முன சத்தத்துல ஹீரோ ஒளிஞ்சிருக்கது தெரிஞ்சுபோச்சு. செத்தான்" என்று அன்றைக்குக் கதையையே நிறுத்திவிட்டாள்.

போன ஆவணியில் சுடலைமாடத்தி வந்து சேர்ந்தாள். மகாராஜபுரத்துப் பெண். புருஷன் இருளப்பசாமி வத்திராயிருப்புப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் வெட்டுகிறவன். இவள் அவனைவிட்டு வந்து, ராஜபாளையத்தில் சித்தி வீட்டில் இருந்துகொண்டு வேலைக்கு வருகிறாள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. இடது புருவத்தை இரண்டாகப் பிரித்த தழும்பு எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டது.

அவள் முதன்முதலாகக் கேட்ட சண்டையிலேயே தங்கபாய் ஒன்றைக் கவனித்தாள். நிறுத்தம் வந்ததும் மற்றப் பெண்கள் அசையாமல் இருந்தார்கள். மாடத்தி மட்டும் குனிந்தாள். அட்டைப்பெட்டியில் அடி விழுவதற்கு முன்பாகவே, சரியாக அது விழ வேண்டிய இடத்தில், அவள் தோள் சுருங்கிற்று. முழங்கை எழுந்து காதை மறைத்தது. பெட்டியில் அன்று விழுந்த அடி சோப்ளாங்கியாக விழுந்தது.

ஏனென்றால் அந்தக் கணக்கு அவளுக்கும் தெரியும். புருஷன் ஐயாதுரை செத்து வெகுகாலமாகிறது. இருந்த காலத்தில் அவன் வீடு திரும்புவதை அடுப்படியில் உட்கார்ந்து காதால் மட்டுமே பார்த்தவள் அவள். முதலில் சைக்கிள் சங்கிலி. பிறகு ஸ்டாண்டு போடுகிற சத்தம். பிறகு வாசலில் செருப்பு. செருப்பைக் கழற்றிய கையோடு உள்ளே வந்தால் பயமில்லை, சோறு கேட்பான். கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் நின்றால்தான் பயம். அந்த நிற்றல் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு அடி. அப்புறம், "எங்கட்டி போன?" என்பான். எங்கும் போகாதவளைப் பார்த்து அதைத்தான் கேட்பான். கேட்டு முடித்த பிறகுதான் கை வரும். கேட்காமல் ஒருநாளும் வந்ததில்லை.

அவன் செத்தபின் முதல் தடவையாகப் போய் உட்கார்ந்த மேட்னியில், சண்டைக்கு முன்னால் பின்னணி இசை சட்டென்று நின்றபோது தங்கபாய் வாய்விட்டு அழுதாள். பயத்தில் இல்லை. எங்கேயோ மெட்ராஸில் உட்கார்ந்திருக்கிற எவனுக்கோ அந்த நிற்றல் தெரிந்திருக்கிறதே, அதைக் கேட்டவள் நான் மட்டும் இல்லையே என்ற ஆறுதலில் அழுதாள். இதை அவள் கொட்டடியில் யாரிடமும் சொன்னதில்லை. மாடத்தியிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை, "கோடியில வெளிச்சம் பத்தாது, இங்கன வந்து ஒக்காரு" என்று அவளுடைய மிஷினைத் தன் பக்கத்துக்கு, கதவுக்குத் தூரமான மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கார்த்திகையில் இருளப்பசாமியின் சேதி வந்தது. மகாராஜபுரத்திலிருந்து காய்கறி ஏற்றி வந்த ஒருவன் சித்தி வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். தை பிறக்கும் முன்னால் அவளாக வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தேங்காய் வெட்டுகிற அரிவாள் தேங்காயை மட்டும்தான் வெட்டும் என்று இல்லை. அன்றிலிருந்து மாடத்தி தனியாக வருவதுமில்லை, போவதுமில்லை. நாலு பெண்கள் கூடவே நடந்தார்கள். வைகுண்டராஜ் தறிக்காரர்களிடம், "அந்நிய ஆள் எவன் உள்ள வந்தாலும் விடாதிய" என்று சொல்லி வைத்தார். கொட்டடிக் கதவைச் சாத்த முடியவில்லை. சாத்தினால் துணித்தூசியில் ஆளாளுக்கு இருமல். திறந்த கதவையே பார்த்துக்கொண்டு மாடத்தி சுற்றிய சுருள்களெல்லாம் கோணலாக வந்தன. செல்லக்கனி அவற்றை வாங்கிப் பிரித்து, வாய் பேசாமல் மறுபடி சுற்றிக் கொடுத்தாள்.

மார்கழியில் ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று.

தறிகள் அத்தனையும் ஒரே இழுப்பில் ஓய்ந்தன. கரண்ட் வர நேரமாகும் என்று தறிக்காரர்கள் கும்பலாகத் தெருமுனை டீக்கடைக்குப் போனார்கள். வைகுண்டராஜ் முதலாளி வீடுவரை போயிருந்தார். பெண்களின் மிஷின்களுக்குக் கரண்ட் தேவையில்லை, கையால் சுற்றுவதுதான். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். எஸ்டேட் குடோன் சண்டை பாதியில் நின்றிருந்தது. தறிச் சத்தமும் இல்லாத இந்த அமைதியில் தங்கபாய் சொன்னால் எப்படி இருக்கும்!

"கண்ண மூடுங்கட்டி," என்றாள் தங்கபாய். தானும் மூடிக்கொண்டாள். "மூட்டைக்குப் பின்னால கெடக்கான். கயிறு பாதி அறுந்திருச்சு. மீதியப் பல்லால கடிக்கான். அந்நேரம் பாத்து..."

தட்டு.

"திரும்பவும் வாரான்."

தட்டு. வெகு நேரம் கழித்து இன்னொன்று. பிடிகள் நின்றன. செல்லக்கனியும் நிறுத்திவிட்டாள். தங்கபாய் கட்டையை ஓங்கியபடி எச்சில் விழுங்குகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சரட்.

தரையில் செருப்பு தேய்ந்தது. பெண்கள் தலை நிமிரவில்லை. பூட்ஸ் எப்படிச் செருப்பாயிற்று, இதை யக்கா எதை வைத்துச் செய்கிறாள் என்று வியந்து செல்லக்கனி கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டாள். சரட். இன்னும் கிட்டத்தில். என்ன தத்ரூபம் என்பதுபோல் கோடியில் ஒருத்தி தலையை ஆட்டினாள்.

தங்கபாய்க்கு மட்டும் தெரியும், அந்தச் சத்தத்தை அவள் செய்யவில்லை என்று.

கண்ணைத் திறந்தாள். வாசல் வெளிச்சத்தில் ஒருவன் நின்றான். டயர்ச் செருப்பு, மடித்துக் கட்டின கைலி. வலது கை தொடைக்குப் பின்னால் மறைந்திருந்தது. மறைத்தது போக அரிவாளின் வளைந்த நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அவன் கண் மேசையைச் சுற்றி ஒவ்வொரு குனிந்த தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தது. மூலையில் வந்து நின்றது. அவனும் நின்றான்.

அந்த நிற்றல் அவளுக்குத் தெரிந்த நிற்றல். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற நிற்றல். கொட்டடியில் ஒரு நூல் அசையவில்லை. இந்த அமைதியை உண்டாக்கியது அவன் இல்லை, நான்தான். நானே அவனுக்குச் சண்டைக்கு இடம் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்று தங்கபாய்க்கு உறைத்தது. 'ஐயோ' என்று கத்தினால் பெண்கள் சிதறி ஓடுவார்கள், அவன் பாய்ந்துவிடுவான். சும்மா இருந்தால் இந்த அமைதி முடிகிற இடத்தில் வெட்டு விழும். அதற்கு முன் அவன் ஒன்று சொல்வான். இதோ, அவன் தொண்டை ஏறி இறங்குகிறது. அதைச் சொல்ல விடக்கூடாது.

இரண்டு கைகளையும் தூக்கினாள். "சந்தை!"

பழகின கைகள். தலை நிமிரும் முன்பே அடி தொடங்கிவிட்டது. கட்டைகளும் கத்தரிகளும் டிபன் மூடிகளும் மேசையில் இறங்கின. பிறகுதான் நிமிர்ந்தார்கள், வாசலைப் பார்த்தார்கள். செல்லக்கனியின் கை அந்தரத்தில் நின்றது.

"நிறுத்தாதிய! நிறுத்துனா போச்சு! அடிங்கட்டி!"

அடித்தார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட அடித்தார்கள். மாடத்தி எப்போதும்போல் எல்லாருக்கும் முன்னால் குனிந்திருந்தாள். தங்கபாய் இடது கையால் அவள் முதுகை அழுத்தி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, அவள் இருந்த இடத்தில் தான் வந்து நின்றுகொண்டு வலது கையால் அடித்தாள்.

அவன் வாய் திறந்தது. "ஏட்டி" என்றிருக்கலாம், கேட்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி கத்தினான். அதுவும் கேட்கவில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்தான். தங்கபாய் வேகத்தைக் கூட்டினாள், பெண்களும் கூட்டினார்கள். அவன் நின்றான். அவள் நிறுத்தவில்லை. எந்த இடத்தில் மூச்சு விட்டாலும் அங்கே அவன் வார்த்தை நுழைந்துவிடும், வார்த்தையின் பின்னாலேயே அரிவாளும் வந்துவிடும். யாரோ ஒருத்தியின் கட்டை இரண்டாகப் பிளந்தது. குண்டூசி டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் ஊசி. அவன் இடது கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வந்த காரியம் மறந்துபோனவனைப் போல மேசையையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் இருந்த ஆத்திரமெல்லாம் சேர்த்து அரிவாளை ஓங்கிக் கதவு நிலையில் வெட்டினான்.

அந்த வெட்டு யார் காதிலும் விழவில்லை. அவன் காதிலேயே விழுந்திருக்காது. நிலையில் பாதிக்குமேல் இறங்கிப் போயிருந்த அரிவாளைத் திகைத்துப் பார்த்தான். இழுத்தான். வரவில்லை. காலைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் ரகளை கேட்டு டீ கிளாஸும் கையுமாக ஓடிவந்த தறிக்காரர்கள் பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்தார்கள்.

"பேசத்தாம்ய்யா வந்தேன். பேச விடமாட்டேங்காளுகளே!" என்று அவன் அழுதானாம். முற்றத்தில் நின்றவர்கள் சொன்னது. உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. தங்கபாய் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தாள். வைகுண்டராஜ் மூச்சிரைக்க வந்து, "போதும் தாயி, கூட்டிட்டுப் போயிட்டாவ, போதும்" என்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டையை எடுக்க வேண்டியிருந்தது.

மேசைக்கடியிலிருந்து மாடத்தியை இழுத்து எடுத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். வெகு நேரம் கழித்து செல்லக்கனிதான் கேட்டாள்.

"யக்கா, பேசாம வெட்டியிருந்தாம்னா? வசனம் பேசிட்டுத்தான் வெட்டுவாம்னு எத வச்சு நம்புன? இது என்ன சினிமாவா?"

"நம்புனேன்னு ஆரு சொன்னா?" என்றாள் தங்கபாய். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. அதற்கு அவர்கள் சுற்றிய பேண்டேஜையே பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுட்டி. தெரிஞ்சதச் செஞ்சேன்." சொல்லிவிட்டு, கட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இருளப்பசாமி உள்ளே இருக்கிறான். ஜாமீனில் வந்துவிடுவான் என்றும் சொல்கிறார்கள். கொட்டடிக் கதவுக்கு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. பெண்கள் இருமிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள். நிலையில் இருக்கிற வெட்டுத் தழும்பைத் தச்சன் வந்து மரத்தூள் வைத்து அடைத்தான். போகும்போதும் வரும்போதும் எல்லாருடைய விரலும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறது.

தங்கபாய் வெகுநாள் கதை சொல்லவில்லை. பெண்களும் கேட்கவில்லை. பொங்கலுக்கு வந்த படத்தை அவள் பார்த்துவிட்டு வந்த திங்கட்கிழமை, செல்லக்கனி நல்லதாக, கோணலே இல்லாத ஒரு சுருளை எடுத்து அவள் கூடையில் முதலிலேயே போட்டாள். அவ்வளவுதான்; தங்கபாய் தொடங்கிவிட்டாள். ஒரு கப்பல் துறைமுகம். மழை. இருட்டில் ஒருத்தன் நடந்து வருகிறான். கோடி மிஷின் நின்றது. அடுத்த மிஷின் நின்றது. தறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. கண்ணை மூடி, கட்டையை ஓங்கி, தங்கபாய் காத்திருந்தாள்.

டொக் டொக் டொக் டொக்.

மெல்லிய சத்தம், ஆனால் விடாத சத்தம். மாடத்தி தன் கட்டையால் மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. கண் முழுக்கத் தாழ்ப்பாளில் இருந்தது. அந்த நிறுத்தத்தில் வளையல் அசைந்தாலே கட்டை பறக்கும் என்பதை அறிந்த செல்லக்கனி முன்கூட்டியே தலையைக் குனிந்துகொண்டாள்.

தங்கபாய் கண்ணைத் திறந்தாள். மாடத்தியைப் பார்த்தாள், அவள் பார்த்துக்கொண்டிருந்த கதவைப் பார்த்தாள். பிறகு ஓங்கிய கட்டையை மெதுவாக இறக்கி, அவள் தட்டுகிற அதே வேகத்தில், அவள் பக்கத்திலேயே, தானும் தட்டத் தொடங்கினாள்.